கிளிப் இல்லாத பேனாவுக்கு வெள்ளி அரசிலை: 9,840 ரூபாய் ஏமாந்தேன்

வீட்டில் கடைசல் பிடித்துச் செய்யும் கிளிப் இல்லாத பேனாக்களுக்கு மலிவாக அலங்காரம் செய்துகொள்ளும் வழிகளை விரிவாக எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கான பொறுமை இப்போது என்னிடம் இல்லை. 9,840 ரூபாய் திரும்பி வராது என்பது நேற்று மாலைதான் உறுதியாயிற்று.

கிளிப் இல்லாத பேனா மேசையில் தங்காது. உருண்டு விழுந்தால் எபோனைட் (கெட்டி ரப்பர்) மூடியின் விளிம்பு தெறித்துவிடும். அதனால் மூடியின் பக்கத்தில் சிறிய உலோக உருவம் ஒன்றைப் பதிப்பார்கள். ஜப்பானின் நகாயா பேனாக்களில் இதைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்கு அழகு, உருளாமல் தடுப்பதற்குத் தடுப்பு. பழைய மாணவர்கள் சிலர் தங்கள் ஆசிரியர்களுக்குப் பரிசளிக்க 24 பேனாக்கள் கேட்டிருந்தார்கள். குழந்தைகளின் அரைஞாணில் கோக்கும் அரசிலை போன்ற வடிவத்தை வெள்ளியில் வைக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. எங்கள் தெருப் பத்தர் சொன்ன கூலி என் கணக்குக்குக் கட்டவில்லை. கோயில் வாசலில் விற்கும் கண்மலர்த் தகடு மலிவுதான். ஆனால் நேர்த்திக்கடன் பொருளைப் பேனாவில் ஒட்ட மனம் ஒப்பவில்லை.

கைவினைப் பொருள்களுக்கான இணையச் சந்தை ஒன்றில்தான் அந்த விற்பனையாளர் கிடைத்தார். 925 வெள்ளி (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி), ஒன்று ஒரு கிராம், விலை 410 ரூபாய் என்று போட்டிருந்தது. நான் எடுத்த எடுப்பில் நம்பிவிடவில்லை. ஒரே ஒரு மாதிரியை வரவழைத்துப் பத்தரிடம் காட்டினேன். உரசிப் பார்த்து, நல்ல வெள்ளி என்றார். என் மூடியின் விட்டம் 15 மில்லிமீட்டர் என்று சொன்னதும், அந்த வளைவுக்கேற்ப இலையின் அடிப்பக்கத்தைக் குழித்துத் தருகிறேன் என்று விற்பனையாளர் தாமாகவே சொன்னார். வேலை தெரிந்தவர் பேசும் பேச்சு அது. அந்த ஒரு வாக்கியத்தில் நான் விழுந்துவிட்டேன். “சந்தைக்குக் கமிஷன் போகிறது அண்ணா, நேரடியாக அனுப்பிவிடுங்கள்” என்று அவர் கேட்டபோது, மறுபேச்சில்லாமல் 24 இலைகளுக்கு 9,840 ரூபாயைக் கைப்பேசியிலிருந்தே அனுப்பினேன்.

பொட்டலம் வந்தது, பளபளப்பில் குறையில்லை. ஏழு மூடிகளில் துளையிட்டு, எபாக்சி வைத்து ஒட்டியும் விட்டேன். பத்தே நாளில் இலைகளின் ஓரம் மங்கி, துணியால் துடைத்த இடத்தில் சாம்பல் நிற உலோகம் தெரிந்தது. கேட்டதற்கு, “எபோனைட்டில் கந்தகம் இருக்கிறது, வெள்ளி கறுக்கத்தான் செய்யும்” என்று பதில் வந்தது. எனக்கு ஆத்திரம் மூட்டியது இதுதான், ஏனென்றால் அவர் சொன்னதில் பொய் இல்லை. ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கித்தான் எபோனைட் செய்கிறார்கள். அதன்மேல் இருக்கும் வெள்ளி கறுப்பதும் உண்மை. ஆனால் கறுத்த வெள்ளியைத் தேய்த்தால் அடியில் மீண்டும் வெள்ளிதான் தெரியும். இங்கே தேய்க்கத் தேய்க்க முலாம் உரிந்தது.

ஒட்டிய ஏழையும் சூடு காட்டிப் பெயர்த்துச் சுத்தம் செய்து, 24 இலைகளையும் பத்தரின் தராசில் வைத்தேன். 24 கிராம் இருக்கவேண்டியவை 16.3 கிராம்தான் இருந்தன. பிறகு தண்ணீர்க் குவளையைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, இலைகளை நூலில் கட்டி அடியைத் தொடாமல் அமிழ்த்தியபோது 2.3 கிராம் காட்டியது. அது இலைகள் விலக்கிய தண்ணீரின் எடை. 16.3-ஐ 2.3-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 7, அதாவது அதே பருமனுள்ள தண்ணீரைப்போல் ஏழு மடங்கு எடை. 925 வெள்ளியாக இருந்தால் 10-க்கு மேல் வந்திருக்க வேண்டும். துத்தநாகக் கலவையில் வார்த்து முலாம் பூசியிருக்கிறார்கள் என்றார் பத்தர். என்னிடம் கூலி பேசிவிட்டுப் போனவன்தானே என்று அவர் சிரிக்காமல் இருந்ததற்கு நன்றி.

இந்தக் கணக்கைப் படத்தோடு விற்பனையாளர் தரப்புக்கு அனுப்பினேன். முதலில் கூரியரில் மாறியிருக்கும் என்றார்கள். அடுத்து, பட்டறைக்காரர் ஊருக்குப் போயிருக்கிறார் என்றார்கள். அதன்பின் என் எண்ணையே தடுத்துவிட்டார்கள். சந்தையின் உதவிப் பிரிவோ, பணம் தங்கள் வழியாக வரவில்லை, ஆகவே பொறுப்பில்லை என்று ஒரே பதிலை நான்கு முறை அனுப்பி, நேற்று மாலை என் புகாரை முடித்து வைத்துவிட்டது. இணைய மோசடிகளுக்கான 1930 உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். போனது 9,840 ரூபாய். துளையிட்டுக் கெட்ட ஏழு மூடிகள் தனி.

மலிவு அலங்காரத்தைப் பற்றி இப்போதைக்குச் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: சந்தைக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள். மாதிரி நன்றாக இருந்ததென்று மொத்தச் சரக்கை நம்பாமல், ஒட்டுவதற்கு முன்பே தண்ணீரில் எடை பாருங்கள். மூடியில் துளையிடுவதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். செம்புக் கம்பியைச் சுருட்டித் தட்டினாலே உருளாமல் நிற்கும். அதை நான் முதலிலேயே செய்திருக்கலாம்.

அந்த அரசிலை இன்னும் அதே பக்கத்தில் விற்பனையில் இருக்கிறது. நான் வாங்குவதற்கு முன்பும் “இரண்டே மீதம்” என்றிருந்தது. இப்போதும் அப்படியே இருக்கிறது.