விமானத்தைத் தவறவிட்டவர்களுக்கு ஒரு டீக்கடை

சென்னை விமான நிலையத்தின் உள்நாட்டு முனையம் டி1-இல், பாதுகாப்புச் சோதனைக்குப் போவதற்கு முன்னால், உடான் யாத்ரி கஃபே என்று ஒரு கடை இருக்கிறது. டீ 10 ரூபாய், தண்ணீர் பாட்டில் 10 ரூபாய், காபி 20, சமோசா 20, அன்றைய இனிப்பு 20. அச்சுப்பிழை இல்லை, ஏர்போர்ட்டுக்குள் விலையே இதுதான். 2024 டிசம்பரில் கொல்கத்தா விமான நிலையத்தில் முதல் கடையைத் திறந்தார்கள். 2025 பிப்ரவரியில் சென்னைக்கும் வந்தது. இந்தக் கடையைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் விமானம் ஏறப் போகிற வழியில் குடித்துவிட்டு எழுதுகிறார்கள். நான் ஏற முடியாமல் திரும்பி வந்து குடித்தவன். அந்த நிலையில் இந்தக் கடைக்கு எத்தனை மார்க் என்பதுதான் இந்த விமர்சனம்.

அக்கா மகளுக்கு மறுநாள் காலை காதுகுத்து. நான் தாய்மாமன். என் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், போதாததற்குக் கம்மல் வேறு என் சட்டைப்பையில். புணேயிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து மதுரை. இரண்டும் வேறு வேறு கம்பெனி டிக்கெட். முதல் விமானம் தாமதமாக இறங்கியது. இப்படித் தனித்தனி டிக்கெட்டில் போனால் முதல் கம்பெனிக்கு நம் அடுத்த விமானத்தைப் பற்றிக் கவலை இல்லை. இரண்டாவது கம்பெனிக்கு நாம் ஏன் தாமதமாக வந்தோம் என்பது தேவையில்லை. கைப்பை மட்டும்தான் என்பதால் ஓடிப் பார்க்கலாம் என்று ஓடினேன்.

கேட்டில் எனக்கு முன்னால் ஒரு பெரியவரும் அவர் மனைவியும் நின்றுகொண்டிருந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விமானம் நிற்கிறது. நன்றாகவே தெரிகிறது, வால் நம்பர்கூடப் படிக்கலாம்.

“தம்பி, பிளேன் கண்ணு முன்னாடி நிக்குது. கதவைத் தொறந்து விட்டா நடந்தே போயிருவோம்.”

“சாரி ஐயா, கேட் க்ளோஸ் ஆயிடுச்சு. எங்க கையில இல்ல.”

“நீங்கதான மூடுனீங்க? அப்ப உங்க கையிலதான இருக்கு?”

பெரியவர் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் பையன் சொன்னதும் பொய் இல்லை. உள்நாட்டு விமானங்களில் புறப்படுவதற்கு 20, 25 நிமிடம் முன்பே கேட்டை மூடிவிடுகிறார்கள். மூடியதும் எத்தனை பேர், எத்தனை பை, எவ்வளவு எடை, எந்தப் பக்கம் எவ்வளவு பாரம் என்ற கணக்கை முடித்துக் கேப்டனிடம் கொடுத்துவிடுவார்கள். மதுரைக்குப் போவது போன்ற சின்ன விமானம் என்றால் இரண்டு மூன்று பேர் எடைகூடக் கணக்கில் விழும். திரும்பத் திறந்தால் கணக்கைத் திரும்பப் போட வேண்டும், அதற்குள் புறப்படக் கொடுத்த நேரம் போய்விடலாம். இது எனக்கு முன்பே தெரியும். தெரிந்திருந்தும் அந்த நிமிடம் கோபம் ஒரு சொட்டுகூடக் குறையவில்லை. ஒரு மணி நேரம் பிந்தியிருந்தால் விதி என்று விட்டிருப்பேன். விமானம் கண்ணெதிரே நிற்கும்போது விதி என்று சொல்ல வாய் வரவில்லை, யாரையாவது திட்டத்தான் தோன்றுகிறது. கிடைப்பதோ கேட்டில் நிற்கிற இருபத்து நான்கு வயதுப் பையன்.

அப்புறம் ஆஃப்லோட், அதாவது ஏறாத பயணியை முறைப்படி வெளியே அனுப்புவது. இதைப் பலர் அனுபவித்திருக்க மாட்டார்கள். ‘சரி, கிளம்புங்கள்’ என்று விட்டுவிட மாட்டார்கள். கம்பெனி ஆள் ஒருவர் கூடவே வந்து, நாம் உள்ளே வந்த வழியிலேயே நம்மைப் பின்னோக்கி நடத்திக்கொண்டு போவார். சோதனை இடத்தில் ஒரு நோட்டில் பெயர், விமான எண், நேரம் எழுதி, கையெழுத்து வாங்கி, போர்டிங் பாஸை ரத்து செய்து வெளியே அனுப்புவார்கள். எதிரே எல்லோரும் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு உள்ளே வருகிறார்கள், நாம் மட்டும் வெளியே போகிறோம். அவர்கள் பார்க்கிற பார்வை ஒரு மாதிரி இருக்கும். பிடிபட்ட திருடனைக் கூட்டிப் போவதுபோல என்று பெரியவரின் மனைவி முணுமுணுத்தது எனக்கும் கேட்டது.

அவர்களுக்கு இன்னொரு காத்திருப்பும் இருந்தது. பெட்டியைச் செக்-இன் செய்திருந்தார்கள். ஆள் ஏறவில்லை என்றால் பெட்டியையும் இறக்கியாக வேண்டும். 1985இல் ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானத்தில் ஆள் ஏறாமல், குண்டு வைத்த பெட்டி மட்டும் ஏறியதில் 329 பேர் இறந்தார்கள். அதற்கு முந்தைய வருடம் இதே மீனம்பாக்கத்தில் வெடித்ததும் ஏறாத பயணியின் பெட்டிதான். அதனால் அந்த விஷயத்தில் யாரும் விளையாட முடியாது. பெட்டி வரும்வரை எங்கேயாவது நிற்க வேண்டும். அப்படி நிற்கும்போதுதான் இந்தக் கடை கண்ணில் பட்டது.

டீ எப்படி? காகிதக் கப். ஏலக்காய், இஞ்சி என்று எதையும் தேடாதீர்கள். சர்க்கரை கொஞ்சம் தூக்கல், எனக்கு அன்று அதுவே தேவையாக இருந்தது. சூடு நன்றாக இருந்தது. பெரியவர் கப்பின் விளிம்பை இரண்டு விரலால் பிடித்து ஊதி ஊதிக் குடித்தார். பாதியில் நிறுத்தி, “பத்து ரூபாயா சொன்னான்?” என்று மனைவியிடம் கேட்டார். இன்னும் இரண்டு வாய் குடித்துவிட்டு என்னிடமும் கேட்டார். டிக்கெட் பணம் மொத்தமாகப் போன கையில் மறுபடி யாராவது கையை விடுவார்களோ என்ற பயம் அவருக்கு. எனக்கும் இருந்தது. சோதனையைத் தாண்டி உள்ளே போனால் ஒரு டீ நூறு ரூபாய்க்குக் குறையாது. அந்த மனநிலையில் நூறு ரூபாய் கொடுத்திருந்தால் ஒவ்வொரு வாய்க்கும் வயிறு எரிந்திருக்கும். இங்கே அப்படி எதுவும் இல்லை. இன்னொரு கப்பும் வாங்கினோம்.

சமோசா சுமார். மேல்மாவு தடிமன், உள்ளே உருளைக்கிழங்கு மட்டும். பசிக்குச் சாப்பிடலாம். காபிக்கு நான் மார்க் போடவில்லை. ஏர்போர்ட் காபியை எந்த விலைக்கும் குடிப்பதில்லை என்பது என் கொள்கை.

ஆனால் இந்தக் கடைக்கு நான் மார்க் போடுவது டீக்காக அல்ல, இடத்துக்காக. விமானத்தை விட்டவனுக்கு முதல் கால் மணி நேரத்தில் மூளை வேலை செய்யாது. கம்பெனி கவுண்டரில் போய் நின்றால் சண்டை போடுவோம். போனை எடுத்தால் அவசரத்தில் கண்ட விலைக்கு அடுத்த டிக்கெட்டைப் போடுவோம். கேட்டை விட்டு வந்தபின், கவுண்டருக்குப் போவதற்கு முன், சும்மா நிற்க ஒரு சாக்கு வேண்டும். பத்து ரூபாய் டீ அந்தச் சாக்கு. முதல் கப் முடிகிறவரை நான் கேட்டுப் பையனைத்தான் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். இரண்டாவது கப்பில்தான் அக்காவுக்குப் போன் போட்டேன்.

“மாமன் இல்லாம எப்படிப்பா குத்துறது? கம்மல் வேற உன்கிட்ட இருக்கு!”

“வர்றேன்க்கா. பஸ்ஸப் புடிச்சாவது வந்துர்றேன். ஆசாரியைக் கொஞ்சம் இருக்கச் சொல்லு.”

பஸ் என்று வாயில் தானாக வந்தது. அப்புறம்தான் யோசித்தேன், ஆமாம், பஸ்! மறுநாள் காலை முதல் விமானத்துக்கு இருந்த விலையைப் பார்த்துவிட்டு அந்த ஆப்பை மூடினேன். விமான நிலைய வாசலிலிருந்து சுரங்கப்பாதை வழியாக ஜி.எஸ்.டி. சாலையைத் தாண்டினால் திரிசூலம் ஸ்டேஷன். மின்சார ரயிலில் பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம், அடுத்து தாம்பரம். டிக்கெட் 5 ரூபாய். தாம்பரத்திலிருந்து கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்துக்கு மாநகரப் பேருந்து இருக்கிறது, அங்கிருந்து மதுரைக்கு இரவு முழுக்க வண்டி. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் திறந்தபோது கோயம்பேட்டை விட்டு ஊருக்கு வெளியே தள்ளிவிட்டார்களே என்று திட்டியவர்களில் நானும் ஒருவன். தெற்கே போகிற விமானத்தை மீனம்பாக்கத்தில் விட்டவனுக்கு மட்டும் அது வரம்.

பெரியவரும் மனைவியும் பஸ் வேண்டாம் என்றார்கள். முழங்கால் வலி. கவுண்டரில் மறுநாள் டிக்கெட் கேட்கப் போனார்கள், நானும் கூடப் போனேன். அங்கே நடந்த பேச்சு பெரும்பாலும் விவரம் தெரியாததால் வரும் சண்டை, அதனால் இதைச் சொல்லிவிடுகிறேன். கேட் மூடியபின் வந்தவர் கம்பெனி கணக்கில் ‘நோ-ஷோ’, அதாவது வராதவர். அடிப்படைக் கட்டணம் பெரும்பாலும் திரும்ப வராது. ஆனால் வரிகளும், விமான நிலையம் வசூலிக்கும் பயனர் மேம்பாட்டுக் கட்டணமும் திரும்பத் தரப்பட வேண்டும். இது விமானக் கம்பெனிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதி. சலுகை விலை டிக்கெட்டுக்கும் பொருந்தும். கேட்காவிட்டால் யாரும் நினைவுபடுத்த மாட்டார்கள். பயணி ஏறாத விமானத்துக்கு அந்தப் பணத்தை வைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை இல்லை. இன்னொன்று, ஒரே டிக்கெட்டில் போக வர இரண்டும் எடுத்திருந்தால், போகிற விமானத்தை விட்டதும் திரும்புகிற டிக்கெட்டும் சில கம்பெனிகளில் தானாக ரத்தாகிவிடலாம். அதை அங்கேயே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பெரியவர் இதைக் கேட்டதும்தான் கவுண்டர் பெண் கம்ப்யூட்டரில் ஏதோ தட்டி, “ஐயா, ரிட்டர்ன் டிக்கெட்டை நான் பிடிச்சு வைக்கிறேன்” என்றாள். அந்தக் கம்பெனியில் அன்று எனக்குப் பிடித்த ஒரே ஆள் அவள்தான்.

காதுகுத்து நடந்தது. பஸ் விக்கிரவாண்டி டோலில் நின்றது, திருச்சிக்கு அப்புறம் ஓட்டுநர் நல்ல வேகம். நான் இறங்கிக் குளிக்காமல் வேட்டி மட்டும் மாற்றிக்கொண்டு மடியில் பிள்ளையை வாங்கினேன். ஆசாரி வேறு ஒரு வீட்டுக்குப் போக வேண்டும் என்று முனகிக்கொண்டே இருந்தார். குழந்தை அழுத அழுகையில் யாருக்கும் என் விமானக் கதையைக் கேட்க நேரமில்லை.

கடைக்கு என் மார்க் பத்துக்கு எட்டு. குறைத்த இரண்டில் ஒன்று சமோசாவுக்கு. இன்னொன்று இந்த விலைக் கடை சோதனைக்கு முன்னால் இருப்பதற்கு. உள்ளே கேட் பக்கத்தில், விமானம் தாமதமாகி மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் பத்து ரூபாய் டீ கிடைக்க வேண்டும். அப்படி ஒரு கடை அங்கே திறந்தால் நான் இன்னொரு மார்க் கூட்டத் தயார். சமோசா மார்க்கை மட்டும் திருப்பித் தர மாட்டேன்.