சுங்கை சிப்புட் ஆவண முகாம்: ஸ்கேன் நன்று, குறிப்பு மோசம்

பழைய ரப்பர் தோட்டப் படங்களையும் காகிதங்களையும் இலவசமாக ஸ்கேன் செய்து தருவதாகச் சொல்லி, அரசாங்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் கலைப்புலம் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் வாரக்கடைசி முகாம் நடத்துகிறது. செலவு இல்லை, வரிசையும் பெரிதில்லை. போகலாம். ஆனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சும்மா போனால் பாதிப் பலன்தான்.

ஸ்கேன் மேசையில் குறை சொல்ல அதிகமில்லை. படத்துக்கு நைட்ரில் கையுறை, காகிதத்துக்குக் கழுவித் துடைத்த வெறுங்கை. பருத்திக் கையுறையோடு நைந்த காகிதத்தைப் புரட்டினால் விரலுக்கு ஒன்றும் தெரியாது, ஓரம் கிழியும். மாணவர்களுக்கு இதை யாரோ ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். தூசியை மெல்லிய தூரிகையால் தட்டுவதோடு சரி, ஈரத்துணிக்கு இடமில்லை. படங்களை 600 பிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி), எழுத்துக் காகிதங்களை 300 பிபிஐ அளவில், தரம் குறையாத டிஃப் கோப்பாக எடுக்கிறார்கள். 4க்கு 6 அங்குலப் படம் ஒன்று இப்படி எடுத்தால் ஏறக்குறைய 26 எம்பி வரும். பென்டிரைவில் நமக்குப் போட்டுத் தருவதோ சுருக்கிய ஜேபெக் மட்டும். டிஃப்பும் வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள், தருகிறார்கள். 32 ஜிபி பென்டிரைவில் ஆயிரம் படத்துக்கு மேல் கொள்ளும்.

பிளாஸ்டிக் தாளை உரித்துப் படம் ஒட்டும் ஆல்பம் இருந்தால் வீட்டில் எதையும் பிரிக்காதீர்கள். பசை காய்ந்து படத்தின் முதுகைப் பிடித்திருக்கும். இழுத்தால் படம் வளைந்து மேல்பூச்சு வெடிக்கும். முகாமில் முதலில் முழுப் பக்கத்தையும் அப்படியே எடுத்துவிடுகிறார்கள். பிறகு பல்லிடுக்கில் போடும் நூலைப் படத்துக்கு அடியில் விட்டு மெல்ல நகர்த்துகிறார்கள். வராத படத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள், அதுதான் சரி. ஒரே கவனக்குறைவு, படத்தின் பின்பக்கத்தை எடுப்பதில்லை. ஸ்டூடியோ முத்திரை, பென்சிலில் எழுதிய பேர், தேதி எல்லாம் இருப்பது அங்கே.

குறிப்பு எழுதும் மேசைக்கு வந்தால் எல்லாம் கெட்டுவிடுகிறது. படிவத்தில் தலைப்பு, ஆண்டு, இடம் என்று மூன்று கட்டம். ‘தோட்டத் தொழிலாளர்கள், பேராக்’ என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார்கள். இப்படி ஆயிரம் படம் சேர்ந்தாலும் எதையும் தேடி எடுக்க முடியாது. எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு என்று வேண்டும். தோட்டத்தின் பதிவுப் பெயரோடு நம்மவர்கள் வாயில் வழங்கிய பெயரும் வேண்டும். இடமிருந்து வலமாக யார் யார், அவர் கங்காணியா (வேலையாட்களின் மேற்பார்வையாளர்), கிராணியா (தோட்டத்து எழுத்தர்), ரப்பர் மரத்தில் பால் வெட்டியவரா, இதைச் சொன்னவர் யார், அவருக்கு எப்படித் தெரியும்? ஆண்டு தெரியாவிட்டால் ஊகமாக ஒன்றைப் போட வேண்டாம். ‘பெரியண்ணன் கல்யாணத்துக்குப் பிறகு, வேலை பெர்மிட் பிரச்சினைக்கு முன்’ என்று எழுதினாலே ஆய்வாளருக்கு, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமான 1969 என்ற எல்லை கிடைத்துவிடும்.

செக்ரோல் புத்தகம் (தோட்டத்தின் வருகை, சம்பளப் பதிவேடு) வைத்திருப்பவர்களுக்கு இன்னும் கஷ்டம். கிராணி எல்லாப் பேரையும் ஆங்கில எழுத்தில் எழுதியிருப்பார். அதே முனியம்மாவுக்கு ஒரு மாதம் ஓர் எழுத்துக்கூட்டு, மறுமாதம் வேறொன்று. தமிழ் எழுத்தில் ஒரு பேரைப் பக்கத்தில் பதிந்தால்தான் இரண்டும் ஒரே ஆள் என்று தெரியும். படிவத்தில் அதற்குக் கட்டமே இல்லை.

இந்த ஊரில் இது சின்னக் குறை அல்ல. 1948 ஜூன் 16 அன்று எல்பில், பின் சூன் தோட்டங்களில் துரைமார் (வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள்) மூவர் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகுதான், கம்யூனிஸ்டுகளுக்கு எதிராகப் பிரிட்டிஷ் ஆட்சி அறிவித்த அவசரகாலம் மலாயாவில் வந்தது. துரைமார் பேர்கள் புத்தகங்களில் இருக்கின்றன. அந்தக் காலத்தில் பிரட்டுக்கு (விடியற்காலை ஆள் கணக்கெடுப்பு) வந்து நின்றவர்களின் பேரைத் தேட செக்ரோல் மாதிரிக் காகிதங்களை விட்டால் வேறு வழி குறைவு. மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் சம்பந்தன் இந்த ஊர்க்காரர். தொழிலாளர்கள் காசு சேர்த்துத் தோட்டம் வாங்க 1960இல் அவர் முன்னின்று தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் பத்திரத்தை ‘இதர காகிதம்’ என்ற உறைக்குள் போடுவதைப் பார்த்தால் எரிச்சல் வராமல் இருக்குமா?

பேட்டிப் பதிவுக்குக் கருவி நல்லது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பு, சட்டையில் செருகும் மைக். ஆனால் பெரியவரை உட்காரவைப்பது சீலிங் காற்றாடிக்கு நேர் கீழே. காற்று மைக்கில் அடித்துப் பாதிப் பேச்சு இரைச்சலாகிவிடும். காற்றாடியை நிறுத்தச் சொல்லுங்கள், அல்லது மூலைக்கு நகருங்கள். கேள்விகளும் பொத்தாம்பொதுவாக இருக்கின்றன. ‘என்ன சிரமங்களைச் சந்தித்தீர்கள்?’ என்று கேட்டால் ‘கஷ்டம்தான்’ என்று பதில் வரும், அத்தோடு முடிந்தது. பிரட்டுக்கு எத்தனை மணிக்குப் போனீர்கள், ஒருவருக்கு எத்தனை மரம் கொடுத்தார்கள், மழை பெய்தால் அன்றைய கூலி என்ன ஆனது, ஒட்டுப்பாலுக்கு (மரத்திலும் கோப்பையிலும் உறைந்த ரப்பர் பால்) தனிக் காசா என்று கேட்டால் பெரியவர் ஒரு மணி நேரம் பேசுவார்.

ஒப்புதல் படிவம் மலாயிலும் ஆங்கிலத்திலும்தான். கையெழுத்துக்கு முன் மூன்று விஷயத்தைக் கேட்டு வாங்குங்கள்: படம் இணையத்தில் ஏறுமா, பின்னால் எடுத்துவிடச் சொன்னால் எடுப்பார்களா, ஐசி (அடையாள அட்டை) எண்ணை மறைப்பார்களா. அசல் பொருளை ‘கொஞ்ச நாளைக்கு’ என்று கேட்டாலும் கொடுக்க வேண்டாம். பிரிட்டிஷ் நூலகம் 2004 முதல் நடத்தும் அருகிவரும் ஆவணங்கள் திட்டத்திலேயே அசல் அந்தந்த நாட்டில்தான் இருக்கும், வெளியே போவது மின்பிரதிதான்.

குறிப்பு மட்டும் ஏன் இப்படி? ஆளில்லாமல் இல்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை 1956 முதல் இருக்கிறது. இடிக்கும் இடம் மானியம். ஆய்வுப் பணம் பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டில் முடிகிறது. ஸ்கேனர் வாங்கியதும் கட்டுரை வந்ததும் அறிக்கையில் ஏறும், ஒரு படத்துக்கு அரை மணி நேரம் உட்கார்ந்து குறிப்பு எழுதியது ஏறாது. பிரிட்டனில் 2021 ஆய்வு மதிப்பீட்டில், ஆய்வினால் வெளி உலகத்துக்கு என்ன கிடைத்தது என்பதற்கு 25 விழுக்காடு எடை கொடுத்தார்கள். அதனால் அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்றில்லை, ஆனால் இந்த வேலையைக் காட்டி மதிப்பெண் கேட்க ஒரு வழியாவது உண்டு.

ஆகவே குறிப்பை வீட்டிலேயே எழுதி எடுத்துப்போங்கள். ஒவ்வொரு படத்தையும் ஓர் உறையில் போட்டு, உறைமேல் எண். நோட்டில் அதே எண்ணுக்கு நேரே தமிழில் விவரம். படத்தின் முதுகில் பேனா வைக்காதீர்கள், அடுத்த படத்தில் மை ஒட்டும். அந்த நோட்டையும் ஸ்கேன் செய்து படங்களோடு ஒரே கோப்புறையில் போடச் சொல்லுங்கள். கேசட் இருந்தால் இந்த முகாமுக்குக் கொண்டுபோக வேண்டாம், ஓட்டிப் பார்க்க அவர்களிடம் டெக் இல்லை.