ஆட்ரி லார்ட்: முதலில் எதைப் படிப்பது?

கறுப்பின லெஸ்பியன் எழுத்துக்குள் நுழைய அமெரிக்கக் கவிஞர் ஆட்ரி லார்ட் நல்ல வாசல். சரி, அவருடைய 'ஜாமி' (1982) முதலிலா, 'சிஸ்டர் அவுட்சைடர்' (1984) முதலிலா?

'ஜாமி'யில் தன்வரலாறும் புனைவும் தொன்மமும் கலந்திருக்கின்றன. நியூயார்க்கின் ஹார்லெமில் வளர்ந்த சிறுமி, அம்மாவின் மர உரலில் பூண்டும் மசாலாவும் இடிக்கும் இடம் ஒன்று வரும். உரலின் வெளிப்புறம் முழுக்கப் பழங்கள் செதுக்கியிருக்கும். அப்போதுதான் அவள் வயதுக்கு வந்திருக்கிறாள். இடிக்கும் தாளத்தில் உடல் விழித்துக்கொள்வதை லார்ட் அவசரமே படாமல் எழுதுகிறார். தலைப்புச் சொல்லே அம்மா பிறந்த கரியாக்கூ என்ற கரீபியத் தீவில், சேர்ந்து உழைத்துக் காதலிக்கும் பெண்களைக் குறிப்பது.

'சிஸ்டர் அவுட்சைடர்' கட்டுரைகளும் உரைகளும் அடங்கிய தொகுப்பு. வெள்ளைப் பெண்ணியவாதிகளை முகத்துக்கு நேரே கேள்வி கேட்ட 1979 உரை இதில்தான் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வெண்ணெய்க்குப் பதிலாக வாங்கிய மார்கரின் பொட்டலத்தில் மஞ்சள் சாய உருண்டையைப் பிசைந்து நிறமேற்றியதைச் சொல்லி, காம உணர்வு வாழ்க்கை முழுக்கப் பரவுவதை விளக்கும் கட்டுரை அபாரம். சில கட்டுரைகள், அந்தக் கால இயக்கச் சண்டைகள் தெரியாதவருக்குக் கொஞ்சம் வறட்சிதான்.

என் ஓட்டு 'ஜாமி'க்கு. அவசரக்காரர்கள் மார்கரின் கட்டுரையை மட்டும் முடித்துவிட்டு உரலுக்கு வரலாம்.