கராத்: சுல்தானா, சிற்றரசரா, கராத் என்றேதானா?

எத்தியோப்பியாவின் கிழக்கே உள்ள ஹரார் நகரத்தின் வரலாற்றைத் தமிழில் ஒரு நெடுங்கட்டுரையாக எழுதினேன். அதில் என்னை அதிகம் அலைக்கழித்தது போர்களோ ஆண்டுகளோ இல்லை, ஒற்றைச் சொல். சோமாலியில் ‘கராத்’. ஐரோப்பியப் பயணிகளின் குறிப்புகளில் ‘கெராத்’. அரபி ஏடுகளில் ‘ஜராத்’. ஆப்பிரிக்காவின் கொம்பு எனப்படும் வடகிழக்கு மூலையில் சோமாலிகளும் ஹராரிகளும் தங்களை ஆண்டவர்களுக்குக் கொடுத்த பட்டம் இது. முதல் வரைவில் ‘சுல்தான்’ என்று போட்டேன். இரண்டாவதில் ‘சிற்றரசர்’. அப்புறம் கொஞ்ச நாள் ‘தலைவர்’. கடைசியில் மூன்றையும் அடித்துவிட்டுக் ‘கராத்’ என்றே வைத்தேன். இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு உதவட்டும் என்று அந்த அலசலை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் ‘சுல்தான்’. தில்லி சுல்தான், மதுரை சுல்தான் என்று பள்ளிப் பாடத்திலேயே பழகிய சொல், விளக்கம் தேவையில்லை. சில இடங்களில் அது தவறும் இல்லை. வடக்குச் சோமாலியக் கடற்கரையின் வர்சங்கலி மக்களை ஆண்ட மஹ்மூத் அலி ஷிரே, கராத் என்றும் சுல்தான் என்றும் இரண்டு பெயராலும் அறியப்பட்டவர். பிரிட்டிஷார் அவரை 1920-ல் செஷல்ஸ் தீவுக்கு நாடு கடத்தினார்கள். 1928-ல்தான் ஊர் திரும்பினார். அந்தப் பரம்பரையின் தலைவர் இன்றும் சுல்தான்தான். வர்சங்கலிகளைப் பற்றி மட்டும் எழுதுகிறவர் தாராளமாக இந்தச் சொல்லையே போடலாம்.

ஆனால் கொம்பு முழுவதையும் எழுதும்போது சிக்கல். மஜெர்தீன் மக்களின் ஆட்சியாளர் ‘பொகோர்’. இடுப்பில் கட்டும் கச்சையைக் குறிக்கும் பழஞ்சொல்லிலிருந்து வந்தது, சனங்களைச் சேர்த்துக் கட்டுகிறவர் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். ஈசா மக்களுக்கு ‘உகாஸ்’. தெற்கே ரஹன்வெய்ன் மக்களிடம் ‘மலாக்’. கராத்தைச் சுல்தானாக்கினால் இவர்களையும் சுல்தானாக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே தலைப்பாகையைக் கட்டிவிட்ட மாதிரி ஆகிவிடும்.

‘சிற்றரசர்’ என்ற சொல்லின் மேல் எனக்கு ஆசை அதிகம். வேளிர்களைப் பற்றிப் படித்து வளர்ந்தவனுக்கு அது தாய்வீட்டுச் சொல். ஆனால் சிற்றரசர் என்றாலே மேலே ஒரு பேரரசர் இருக்க வேண்டும். அவருக்குத் திறை போக வேண்டும். சோமாலிய மேய்ச்சல் நிலத்தில் டுல்பஹந்தே மக்களின் கராத்துக்கு மேலே யாரும் இல்லை. கீழேயும் கோட்டை, கஜானா, வரித் தண்டலர் என்று எதுவும் இல்லை. ஒட்டகத்தோடும் ஆட்டோடும் நீர் தேடி நகரும் மக்களிடம் நிலவரி எங்கே போய்க் கேட்பது? ‘பாளையக்காரர்’ என்று யோசித்ததையும் இதே காரணத்துக்காக விட்டேன். ‘தலைவர்’ எதிர்ப்பக்கத்துத் தவறு. சங்கத் தலைவரும் தலைவர், கட்சித் தலைவரும் தலைவர். பட்டத்தின் கனம் அதில் இல்லை.

இதெல்லாம் யாருக்கும் தோன்றக்கூடியவைதான். என் முடிவை உண்மையில் தீர்மானித்தது வேறொன்று: இந்தப் பட்டம் இன்னொரு பட்டத்தோடு ஒரே வாக்கியத்தில் உட்காரும்போது என்ன ஆகிறது?

16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொம்பில் இருந்த முஸ்லிம் அரசான அதலை எடுத்துக்கொள்வோம். சுல்தான் பதவி வலஷ்மா வம்சத்தின் சொத்து. ஆனால் நாட்டை நடத்தியது கராத் அபூன் என்பவர். அந்தக் காலத்துப் போர்களை எழுதிவைத்த அரபி வரலாறான ‘ஃபுதூஹ் அல்-ஹபஷா’ அவரைப் புகழ்கிறது. ஏழு ஆண்டு ஆண்டார், வழிப்பறிக்காரர்களைக் கொன்றார், மதுவையும் சூதையும் மேளக் கூத்தையும் தடுத்தார். பிறகு வலஷ்மா வம்சத்துச் சுல்தான் அபூபக்ர் படை திரட்டி வந்து அவரைக் கொல்கிறார். 1520-ல் தலைநகரை ஹராருக்கு மாற்றிய அதே சுல்தான்தான். கராத் அபூனின் கீழ்க் குதிரைவீரனாக இருந்த இளைஞன் அஹ்மத் இப்ராஹிம் பின்னாளில் அந்தச் சுல்தானையே வீழ்த்துகிறார். அதன் பிறகும் அவர் தன்னைச் சுல்தான் என்று அழைத்துக்கொள்ளவில்லை. அபூபக்ரின் சகோதரர் உமர் தீனை அந்த இருக்கையில் அமர்த்திவிட்டு, தான் ‘இமாம்’ என்ற பெயரோடு 1529-ல் ஷிம்ப்ரா குரே களத்தில் எத்தியோப்பியப் பேரரசரை வென்றார்.

கதையின் முடிச்சு எங்கே இருக்கிறது? சுல்தானுக்கு வம்சம் இருந்தது. கராத்துக்கு நாட்டை நடத்தும் கை இருந்தது. இமாமுக்கு மார்க்கத்தின் பேரால் மக்களைத் திரட்டும் குரல் இருந்தது. மூன்று பட்டங்களும் மூன்று வகையான உரிமைகள். அவற்றின் மோதல்தான் அந்தக் கால் நூற்றாண்டு. என் முதல் வரைவில் இந்த இடத்தில் ‘சுல்தான் அபூனைச் சுல்தான் அபூபக்ர் கொன்றார்’ என்று இருந்தது. ஏதோ பங்காளிச் சண்டை போல இருக்கிறது. இரண்டாம் வரைவில் ‘சிற்றரசர் அபூனைச் சுல்தான் கொன்றார்’. இதைப் படித்தால் கலகம் செய்த கீழ்நிலைத் தலைவன் ஒருவனைச் சுல்தான் அடக்கினார் என்றுதான் தோன்றும். மூல நூல் சொல்வது இதற்கு நேர் எதிர். அபூன் போனதும் வழிப்பறியும் மதுவும் திரும்பி வந்தன என்று அது வருந்துகிறது. ‘கராத் அபூனைச் சுல்தான் அபூபக்ர் கொன்றார்’ என்று எழுதியபோதுதான் வாக்கியம் நேராக நின்றது.

இன்னொரு சோதனை, ஆட்களின் பெயர். சோமாலிகள் தன் பெயர், தகப்பன் பெயர், பாட்டன் பெயர் என்று வரிசையாகச் சொல்கிறவர்கள். பட்டமும் அந்த வரிசைக்குள் ஏறிக்கொள்ளும். 1991 மே மாதம் புராவோ நகரில் சோமாலிலாந்து தனிநாடாக அறிவிக்கப்பட்டபோது டுல்பஹந்தே தரப்பில் முன்நின்றவரின் பெயர் கராத் அப்திகனி கராத் ஜாமா. முதல் கராத் அவர். இரண்டாவது அவருடைய தகப்பனார். ‘சிற்றரசர் அப்திகனி சிற்றரசர் ஜாமா’ என்று எழுதிப் பாருங்கள், இரண்டு ஆட்கள் போல ஆகிவிடும். பட்டம் பெயரோடு ஊறிப்போன இடத்தில் மொழிபெயர்ப்பது பெயரையே மொழிபெயர்ப்பதற்குச் சமம். சேதுபதி என்பதை வேற்றுமொழியில் யாராவது ‘பாலத்தின் எசமானர்’ என்று எழுதினால் நமக்கு எப்படி இருக்கும்?

ஆங்கிலேயப் பயணி ரிச்சர்ட் பர்ட்டன் 1854 கடைசியில் சோமாலியக் கடற்கரைத் துறைமுகமான செய்லாவிலிருந்து ஹராருக்குப் புறப்பட்டார். வழியில் சகாரா என்ற ஊரில் கிர்ஹி மக்களின் தலைவர் வீட்டில் நோயாளியாகப் படுத்துக் கிடந்தார். இது பாலைவனச் சகாரா இல்லை, மலையடிவாரத்துச் சிற்றூர். அந்தத் தலைவரைக் ‘கெராத் அதன்’ என்றே தன் நூலில் எழுதுகிறார். அங்கிருந்து கிளம்பி 1855 ஜனவரி 3-ஆம் தேதி மதிலுக்குள் நுழைந்து அவர் பார்த்தது ஹராரின் ‘அமீர்’ அஹ்மதை. கெராத்தும் அமீரும் அடுத்தடுத்து வரும் அந்தப் பக்கங்களில் யார் யார் என்ற குழப்பமே வருவதில்லை. காரணம், இரண்டு சொற்களையும் அவர் அப்படியே விட்டதுதான்.

சரி, சொல்லின் வேர் எது? இதிலும் இரண்டு கட்சி உண்டு: சோமாலியில் பிறந்தது என்பவர்கள், அப்படி இல்லை என்பவர்கள். சோமாலிப் பக்கம் நிற்பவர்களுக்குக் கையில் நல்ல சான்று இருக்கிறது. ‘கராத்’ என்றால் இன்றைய சோமாலியிலும் அறிவு, புத்தி. ‘கர்’ என்றால் வழக்கு, நியாயம், ‘கர்சோர்’ நீதித்துறை, ‘கர்யகான்’ வழக்கறிஞர், அதாவது நியாயம் அறிந்தவர். மரத்தடியில் மூத்தோர் கூடி வழக்குத் தீர்க்கும் சமூகத்தில், ஆட்சியாளருக்கு ‘அறிவாளர்’ என்று பெயர் வைப்பது இயல்புதானே? இந்தச் சான்றைப் பார்த்துவிட்டு ‘நாட்டாமை’ என்று மாற்றிவிடலாமா என்றுகூட ஒரு வாரம் தடுமாறினேன்.

எதிர்ப்பக்கத்துக்கும் பலம் இருக்கிறது. 15-ஆம் நூற்றாண்டில், அவாஷ் ஆற்றுக்குத் தென்மேற்கே இருந்த ஹதியா நாட்டை ஆண்டவர் கராத் மெஹ்மத். அவருடைய மகள் எலேனிதான் பேரரசர் ஸரா யாகோபை மணந்து, பின்னால் பேரனின் காலத்திலும் கொள்ளுப்பேரன் காலத்திலும் எத்தியோப்பிய அரசவையில் பெரும் செல்வாக்கோடு இருந்தவர்; போர்த்துகலுக்குத் தூது அனுப்பியவர். மெஹ்மத்தின் மகன் மாஹிகோ, அவனும் கராத், ஸரா யாகோபுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தான். ஹதியா சோமாலி பேசும் நாடு இல்லை. செமித்திய மொழி பேசும் ஹராரிலும் இந்தப் பட்டம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது.

என் சாய்வு இது: இந்தப் பட்டம் ஒரு மொழியின் தனிச்சொத்து அல்ல, இஃபாத், அதல், ஹதியா என்று அடுத்தடுத்து இருந்த முஸ்லிம் அரசுகளின் பொதுச்சொத்து. சோமாலியில் அதற்கு ‘அறிவு’ என்ற பொருள் இருப்பதாலேயே அங்கே பிறந்தது என்று ஆகிவிடாது. வந்த சொல்லுக்கு ஊர்ச்சொல் பொருள் கொடுப்பதும் உண்டு, பட்டத்திலிருந்து குணத்தின் பெயர் பிறப்பதும் உண்டு. இந்த இடத்தில் அடித்துப் பேச எனக்குத் துணிவில்லை. அறிஞர்களும் ஒருமித்துப் பேசவில்லை. ஒன்று மட்டும் உறுதி. அரபி எழுத்தில் ‘ஜராத்’ என்று எழுதியதைப் பார்த்து வேரை அரபியில் தேடுவது வீண். இந்தச் சொல்லின் முதல் ஒலிக்கு அரபியில் தனி எழுத்து இல்லாததால் ஜீம் போட்டு எழுதினார்கள். அதே எழுத்துகளை அரபிச் சொல்லாகப் படித்தால் ‘வெட்டுக்கிளி’ என்றாகும்.

வேர்ச் சண்டையைவிட, பயன்பாட்டில் உள்ள வித்தியாசம் மொழிபெயர்ப்பாளருக்கு முக்கியம். 1647-ல் தனி அமீரகமாகிய ஹராரில் உச்சியில் அமீர் இருந்தார். கராத் என்பவர் மதிலுக்கு வெளியே உழவர் ஊர்களைப் பார்த்துக்கொள்ள அமர்த்தப்பட்ட அதிகாரி. 1887 ஜனவரியில் செலென்கோ களத்தில் எத்தியோப்பிய மன்னர் மெனெலிக்கிடம் தோற்று அமீரகம் முடிந்தது. சோமாலிப் பக்கத்தில் கராத் பரம்பரையாக வருகிறவர், மூத்தோர் அவையின் ஒப்புதலோடு அமர்கிறவர். பேரரசு, காலனியம், குடியரசு எல்லாம் வந்துபோன பிறகும் அந்தப் பதவி இருக்கிறது. 2023 பிப்ரவரியில் டுல்பஹந்தே மக்களின் லாஸ் ஆனோத் நகரில் கூடிய கராத்களும் மூத்தோரும், சோமாலிலாந்தோடு அல்ல, சோமாலியாவோடுதான் இருப்போம் என்று அறிவித்தார்கள். அதை ஒட்டிப் பல மாதம் சண்டை நடந்தது. ஹரார் கராத்துக்கு ‘மணியக்காரர்’ என்று போட்டால்கூட ஓரளவு பொருந்தும். லாஸ் ஆனோத் கராத்துக்கு அதைப் போட முடியுமா? இரண்டுக்கும் பொருந்துகிற ஒரே சொல் கராத்தான்.

இந்தத் தேர்வை நான் வரலாற்றுக் கட்டுரையில்தான் சோதித்திருக்கிறேன். சிறுவர் கதையில், பாதிப் பக்கத்தில் ஆளை அறிமுகப்படுத்த வேண்டிய இடத்தில், ‘சிற்றரசர்’ இன்னும் நன்றாக வேலை செய்யக்கூடும். கட்டுரையில்கூட முதல் முறை வரும் இடத்தில் ஒரு வரி விளக்கம் கட்டாயம் வேண்டும். ஒருமுறை விளக்கிவிட்டால் மூன்றாம் பக்கத்துக்குள் கண் பழகிவிடுகிறது.

எழுத்துக்கூட்டல் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ‘கராட்’ என்று எழுத வேண்டாம். சோமாலியில் பல்லில் நா படும் த ஒலியும் நா மடங்கும் ட ஒலியும் வெவ்வேறு எழுத்துகள். கராத்தில் இருப்பது முதல் வகை, டுல்பஹந்தேயில் இருப்பது இரண்டாவது. தமிழில் இரண்டுக்கும் தனித்தனி எழுத்து இருக்கும்போது ஏன் கலக்க வேண்டும்?

பட்டத்தை மாற்றாமல் விட்டதும் கூடவே இன்னொரு சொல்லையும் திருத்தினேன். புதிய கராத் பதவியேற்கும்போது அவர் தலையில் பச்சை இலைகளை வைக்கிறார்கள். சடங்கின் பெயரே ‘அலேமோ சார்’, இலை வைத்தல். ‘சிற்றரசர்’ இருந்த வரைவில் என் கை தானாக ‘முடிசூட்டு விழா’ என்று எழுதியிருந்தது. அங்கே முடியே கிடையாது. இப்போது அந்த இடத்தில் ‘இலைசூட்டு’ என்று இருக்கிறது.