இரைச்சல் நீக்கும் ஹெட்போனுடன் மூன்று ஆண்டுகள்

இரைச்சல் நீக்கும் ஹெட்போன் ஒன்றை அணிந்துகொண்டுதான் மூன்று ஆண்டுகளாக வீட்டிலிருந்து வேலை செய்து வருகிறேன். காது மெத்தைகளை ஒருமுறை மாற்றினேன். வேறு பழுது எதுவும் இல்லை. சுற்றுப்புற ஓசைகளை நான் கேட்கும் விதத்தையே இக்கருவி மாற்றிவிட்டது என்பதால், அதைப் பற்றியே விரிவாக எழுத விரும்புகிறேன்.

வெளியிலிருந்து வரும் ஒலியலையை மைக் மூலம் பிடித்து, அதற்கு நேரெதிரான அலையை உண்டாக்கி இரண்டையும் ஒன்றையொன்று அழிக்கச் செய்வதே இதன் வேலை. மின்விசிறி, ஃபிரிட்ஜ், வண்டி எஞ்சின் போன்றவற்றின் சீரான, தாழ்ந்த உறுமலை, அதாவது ஏறத்தாழ 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளவற்றை, இது நன்றாக அடக்குகிறது. பேச்சும் திடீர் ஓசைகளும் பெருமளவு தப்பி உள்ளே வந்துவிடுகின்றன. முதல் நாள் பொத்தானை அழுத்தியதும் ஃபிரிட்ஜின் ரீங்காரம் அறுபட்டது, என் தோள்கள் தாமாகவே தளர்ந்தன. அதுவரை அவை இறுகியிருந்தன என்பதே எனக்குத் தெரியாது.

ஆறு மாதங்களில் வேறொரு தொல்லை தலைதூக்கியது. மேல்வீட்டில் நாற்காலியை இழுக்கும் ஓசை, முன்பு அந்த ரீங்காரத்தில் கரைந்துபோனது, இப்போது தனித்துக் கேட்டது. கேட்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டேன். அடுத்தது எப்போது வரும் என்று காத்திருக்கவும் தொடங்கினேன். கைபேசிச் செயலியில் அளந்தால் 45 டெசிபெல்லைத் தாண்டவில்லை. அதே அறையில் 60 காட்டிய கனமழையில் நான் அயர்ந்து தூங்கியிருக்கிறேன். 10 டெசிபெல் கூடினால் ஓசை இருமடங்காகக் கேட்கும் என்பது பொதுவான கணக்கு. செயலியின் அளவு துல்லியமற்றது என்றே வைத்துக்கொண்டாலும், என் எரிச்சலுக்குக் காரணம் ஓசையின் உரப்பு அன்று என்பது தெளிவாயிற்று.

டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் ஆகிய உளவியலாளர்கள் 1972-இல் வெளியிட்ட ஆய்வுகள் இதற்கு விளக்கம் தருகின்றன. முன்கூட்டி ஊகிக்க முடியாத இரைச்சலைக் கேட்டவர்கள், அதன் பிறகு கொடுக்கப்பட்ட கடினமான புதிர்களை விரைவில் கைவிட்டார்கள். வேண்டுமானால் பொத்தானை அழுத்தி இரைச்சலை நிறுத்தலாம் என்று சொல்லப்பட்டவர்களோ, அப்பொத்தானைத் தொடாமலேயே நெடுநேரம் முயன்றார்கள். மழை யார்மீதும் குறை சொல்ல இடம் தராத ஓசை. நாற்காலியின் பின்னாலோ ஓர் ஆள் இருக்கிறார், அவர் என்னைப் பொருட்படுத்தவில்லை என்று மனம் கதை கட்டிவிடுகிறது.

ஆகவே, சீரான உறுமலால் களைத்துப்போகிறவர்கள் இக்கருவியைத் தயங்காமல் வாங்கலாம். அண்டைவீட்டு ஓசைக்காக வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது அந்த ஓசையை மேலும் கூர்மையாக்கிவிடக்கூடும்.

சென்ற ஆண்டு மேல்வீட்டுக்குச் சென்று பேசினேன். அவர்கள் வருத்தம் தெரிவித்து, நாற்காலிக் கால்களுக்குத் துணி உறை மாட்டினார்கள். ஓசை முழுதாக நிற்கவில்லை, செயலி காட்டும் எண்ணும் பெரிதாக மாறவில்லை. ஆனால் இப்போது அது கேட்டாலும் என் கை ஹெட்போனைத் தேடிப் போவதில்லை.