நான்கு அடுக்கா, ஐந்தா, இல்லை பெரிய பேஜா?

64-பிட் ப்ராசஸர் என்கிறோமே தவிர, 64 பிட்டும் முகவரிக்குப் போவதில்லை. நினைவகம் பேஜ் என்ற சிறு துண்டுகளாகப் பிரிக்கப்படும். புரோகிராம் பார்க்கும் விர்ச்சுவல் முகவரி ராமில் எங்கே இருக்கிறது என்று காட்டுபவை பேஜ் டேபிள்கள், ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகும் அடுக்குகளாக. இன்டெல், ஏஎம்டி சிப்புகளின் எக்ஸ்86-64-இல் ஒரு பேஜ் டேபிள் 4 கிலோபைட், அதில் ஒரு பதிவு 8 பைட். ஆக 512 பதிவுகள். அடுக்குக்கு 9 பிட். நான்கு அடுக்குக்கு 36, பேஜுக்குள் இடம் காட்ட 12, மொத்தம் 48 பிட். 256 டெராபைட். அதில் பாதி புரோகிராமுக்கு, பாதி இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு.

128 டெராபைட்டை எந்த புரோகிராம் தின்று தீர்க்கப்போகிறது? அநேகமாக எதுவும் இல்லை. முட்டுவது கெர்னல் பக்கம்தான். லினக்ஸ் மொத்த ராமையும் தன் பாதிக்குள் நேரடியாக மேப் செய்து வைத்துக்கொள்ளும். நான்கு அடுக்கில் அதற்கு ஒதுக்கிய இடம் 64 டெராபைட். அதற்கு மேல் ராம் செருகினாலும் பயனில்லை.

ஐந்தாவது அடுக்கு வந்தது இதற்காகத்தான். 57 பிட், அதாவது 128 பீட்டாபைட் விர்ச்சுவல் இடம். ராம் வரம்பு 52 பிட், 4 பீட்டாபைட். 2017-இல் வந்த லினக்ஸ் 4.14 இதை ஏற்றுக்கொண்டது. இன்டெலின் ஐஸ் லேக், ஏஎம்டியின் ஜெனோவா போன்ற சிப்புகளில் வன்பொருள் ஆதரவு உண்டு. ஆனால் 64-பிட் மோடில் ஓடிக்கொண்டிருக்கும்போது நான்கிலிருந்து ஐந்துக்குத் தாவ முடியாது. பூட் ஆகும்போதே கெர்னல் ஒருமுறை 32-பிட் மோடுக்கு இறங்கி, பேஜிங்கை அணைத்து, மாற்றிவிட்டு ஏற வேண்டும். பார்க்க வேடிக்கையாக இருக்கும் புரோகிராம் வரிகள் அவை.

விலை என்ன? அண்மையில் தேடிய முகவரிகளை ப்ராசஸர் குறித்து வைக்கும் சிறு கேஷான டிஎல்பியில் முகவரி கிடைக்காதபோது நான்குக்குப் பதில் ஐந்து முறை நினைவகத்தைப் படிக்க வேண்டும். மேல் அடுக்குப் பதிவுகளை ப்ராசஸர் தனியாக கேஷ் செய்துகொள்வதால், சாதாரண மெஷினில் இது பெரிதாக உறைக்காது. ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி, அதாவது விர்ச்சுவல் மெஷின் (விஎம்), வேறு கதை. உள்ளே இருக்கும் கெர்னலின் ஒவ்வொரு அடுக்கையும் படிக்க வெளி டேபிளையும் முழுதாக நடக்க வேண்டும். இரண்டு பக்கமும் நான்கு என்றால், எதுவும் கேஷில் இல்லாத மோசமான நிலையில் 24 முறை. உள்ளே மட்டும் ஐந்து என்றால் 29. இரண்டும் ஐந்தானால் 35. சில பத்து ஜிகாபைட் ராம் உள்ள விஎம்முக்கு இந்தச் சுமை எதற்கு? என்னைக் கேட்டால், பூட் ஆப்ஷனில் உள் கெர்னலின் ஐந்தாம் அடுக்கை அணைத்துவிடலாம்.

இன்னொரு தொல்லையும் உண்டு. மேல் பிட்டுகள் சும்மாதானே கிடக்கின்றன என்று, முகவரியை வைத்திருக்கும் பாயின்டருக்குள்ளேயே தங்கள் குறிப்புகளைச் செருகி வைக்கும் புரோகிராம்கள் இருக்கின்றன. அவை உடையக்கூடாது என்பதால், ஐந்து அடுக்கு ஓடினாலும் லினக்ஸ் தானாக 47 பிட்டுக்கு மேல் முகவரி தராது. கெர்னலிடம் நினைவக இடம் கேட்கும் எம்மேப் அழைப்பில் உயரமான முகவரியைக் குறிப்பாகக் கொடுத்துக் கேட்டால்தான் தரும்.

சரி, அடுக்கைக் கூட்டாமல் பேஜையே பெரிதாக்கினால்? ஆர்ம் வகை 64-பிட் சிப்புகளில் அது முடியும். 64 கிலோபைட் பேஜ் என்றால் டேபிளுக்கு 8192 பதிவுகள், அடுக்குக்கு 13 பிட். அதற்கான விரிவாக்கம் உள்ள சிப்பில் மூன்றே அடுக்கில் 52 பிட் வரை போகலாம். கணக்காகப் பார்த்தால் இதுதான் அழகு. ஆனால் 1 கிலோபைட் கோப்பைக்கூட கேஷ் செய்ய 64 கிலோபைட் போய்விடும். பேஜ் என்றாலே 4096 என்று எழுதிவைத்த மென்பொருள்களும் மக்கர் செய்யும். ஆப்பிள் தன் சிப்புகளில் 16 கிலோபைட்டோடு நிறுத்திக்கொண்டது நல்ல சமரசம்.

இன்னொரு சிப் வடிவமைப்பான ரிஸ்க்-ஃபைவ் மூன்று, நான்கு, ஐந்து அடுக்கு என எல்லாவற்றையும் தரப்படுத்தியிருக்கிறது. சிப் எதைத் தாங்கும் என்று லினக்ஸ் பூட்டின்போது சோதித்துப் பார்த்துக்கொள்கிறது.

64 டெராபைட்டைத் தாண்டும் சர்வர் என்றால் ஐந்து அடுக்குதான், பேச்சே இல்லை. அதற்குக் கீழே இருப்பவர்கள் வேகத்துக்காக அடுக்கை எண்ணுவதைவிட, பெரிய டேட்டாபேஸுக்கு 2 மெகாபைட் ஹியூஜ் பேஜ் போட்டுப் பார்ப்பது மேல். கடைசி அடுக்கு அப்படியே கழன்றுவிடும். ஒரே டிஎல்பி பதிவு 512 சாதாரண பேஜ்களின் பரப்பை மூடும்.