மாடிப்படி ஸ்கைலைட்: பாலிகார்பனேட்டா, லேமினேட்டட் கண்ணாடியா?

கல்லூரி நூலக மாடிப்படிக்கு மேலுள்ள ஸ்கைலைட் (வெளிச்சம் வரக் கூரையில் போடும் ஒளிபுகும் பலகை) உடைந்தால், பெரும்பாலும் முதலில் சொல்லப்படுவது 10 மி.மீ. மல்டிவால் பாலிகார்பனேட் ஷீட்தான், அதாவது உள்ளே குழாய் குழாயாய் வெற்றிடம் உள்ள பிளாஸ்டிக் ஷீட். விலை குறைவு; சதுர மீட்டருக்கு 1.7 கிலோதான் எடை. ஆனாலும் எங்கள் தேர்வு லேமினேட்டட் கண்ணாடி, அதாவது இரண்டு கண்ணாடித் தாள்களை நடுவே படலம் வைத்து ஒட்டியது. மூன்றாவது வழியான ஃபைபர் ஷீட் (கண்ணாடி நாரும் பிசினும் சேர்ந்தது) சைக்கிள் ஷெட்டோடு நிற்கட்டும். வெயிலில் பிசின் தேய்ந்து நார் வெளியே வந்துவிடும்.

முடிவு செய்தது பராமரிப்பு. மூன்று மாடி உயரத்துக்குச் சாரம் கட்டிப் படியை மூடும் வேலையை வருடாவருடம் செய்ய முடியாது. விடியற்காலைக்கும் உச்சிவெயிலுக்கும் இடையே சூடு 40 டிகிரி மாறினால், 2.4 மீட்டர் பாலிகார்பனேட் சுமார் 6 மி.மீ. நீளும். கண்ணாடி 1 மி.மீ.கூட நீளாது. இந்த இழுபறியில்தான் சிலிகான் விளிம்பு பிரிந்து ஒழுகுகிறது. திருகை இறுக்கிவிட்டால் துளையைச் சுற்றி மெல்லிய விரிசல்கள் கிளம்பும். மல்டிவாலின் குழாய்களுக்குள் ஈரம் புகுந்தால் பச்சைப்பாசி கோடுகோடாய்ப் படியும். அதை வெளியிலிருந்து துடைக்க வழியே இல்லை.

கண்ணாடியின் சிக்கல் எடை. 6 + 1.52 + 6 மி.மீ. லேமினேட்டட் சதுர மீட்டருக்கு 31 கிலோவைத் தாண்டும், 1.2 × 2.4 மீட்டர் பலகை ஒன்றே சுமார் 90 கிலோ. ஷீட்டுக்கென்று போட்ட பழைய பிரேம் இதைத் தாங்குமா என்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்த்த பிறகே ஆர்டர் கொடுங்கள். இரண்டு தாளும் டஃப்பன்ட் (உடைந்தால் சிறு துண்டுகளாய் நொறுங்கும் வகை) வேண்டாம். இரண்டும் நொறுங்கினால் பலகை ஈரத்துணி போலத் தொங்கிவிடும். கீழ்த்தாளாவது ஹீட் ஸ்ட்ரெங்தன்ட் (உடைந்தால் பெரிய துண்டுகளாய் உடையும் வகை) ஆக இருக்கட்டும்.

பிரேம் தாங்காது என்றால் பாலிகார்பனேட்தான். அப்போது யுவி பூச்சுள்ள பக்கம் மேலே, குழாய்கள் சரிவின் போக்கில். மேல்முனையில் முழு அலுமினியம் டேப், கீழ்முனையில் காற்றுத் துளையுள்ள டேப். திருகுக்கான துளைகளைத் திருகைவிடப் பெரிதாகப் போடுங்கள். பிவிசி கேஸ்கெட் (இணைப்பில் வைக்கும் பட்டை) ஆகாது, ஈபிடிஎம் ரப்பர் வாங்குங்கள். இப்படிப் போட்டாலும் பத்து வருடத்துக்கு மேல் நிறம் மாறாது என்று எங்களால் உறுதி சொல்ல முடியாது.

இரண்டுக்குமே நியூட்ரல் சிலிகான்தான். வினிகர் வாடை அடிக்கும் டியூப்பைத் திருப்பிக் கொடுங்கள், அது பாலிகார்பனேட்டையும் கண்ணாடிக்கு நடுவிலுள்ள படலத்தையும் கெடுக்கும். சிலிகான் நன்றாகக் காய்ந்த பிறகு, சாரத்தைப் பிரிக்கும் முன், கீழ் இணைப்பிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம் ஹோஸ் தண்ணீர் விட்டுக்கொண்டே மேலே போங்கள். எந்த இணைப்பில் ஒழுகுகிறது என்று அப்போதுதான் பிரித்துத் தெரியும்.